ஸ்கொட்லாந்தில் சரி, ஒன்ராறியோவில் பிழை

நான் முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றவள். சொன்னால் சிரிக்கிறார்கள். வயலில் ஏதோ ஒரு விலங்கு தோண்டிய வளைக்குள் கால் போய், முழங்காலில் இரண்டு தடவை கத்தி வைத்து, "இனி உந்த வேலையை மறந்துவிடு" என்று டொக்டர் சொன்னபிறகு, அதை ஓய்வு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? இப்போது கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் இருக்கிறேன். கதிரை நல்ல கதிரை. யன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம். அங்கே ஒரு கடற்புறா இறங்கினால் என் கழுத்து தானாகத் திரும்புகிறது.

சென்ற மாதம், நான் வேலை செய்த நாய்ப்பண்ணையில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் தொலைபேசியில் அழைத்தார்கள். பிரித்தானியா, இத்தாலி, ஜெர்மனி என்று எல்லா இடத்திலிருந்தும் இப்போது நாய்கள் வருகின்றனவாம். "அங்கே பேர் எடுத்த நாய் இங்கே வந்து ஏன் ஒன்றும் தெரியாததுபோல் நிற்கிறது?" என்று கேட்டார்கள். நான் கதைக்கத் தொடங்கினால் நிற்பாட்டுவது கஷ்டம். அவர்களில் ஒருத்தி நடுவில் போய்ச் சாப்பிட்டுவிட்டும் வந்தாள். கடைசியில் எழுதியே தருகிறேன் என்றேன். அவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதியாயிற்று. இது எங்கள் ஆட்களுக்கு. ஏனென்றால் இந்தக் கதையின் முக்கியமான பகுதி ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் ஒரு மாடிக்குடியிருப்பின் குசினியில் நடந்தது.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்கு இன்றைக்கும் அது சரியாக விளங்காது. கோயிலில் யாராவது கேட்டால், "உயிரியல் படிச்சவள், நாய்க்கு ரியூசன் குடுக்கிறாள்" என்பார். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

பொயின்டர், செற்றர் என்று சில வேட்டை நாய் இனங்கள் உண்டு. அவை துரத்துவதில்லை, குரைப்பதில்லை. புல்லுக்குள் ஒளிந்திருக்கும் காடையின் அல்லது கவுதாரியின் மணம் மூக்கில் பட்டதும், முழு வேகத்தில் ஓடுகிற நாய் அப்படியே உறைந்து நிற்கும். ஒரு கால் தூக்கியபடி, மூக்கு பறவையை நோக்கியபடி. முதன்முதலாக நான் அதைப் பார்த்தபோது பல்கலைக்கழகக் கோடை விடுமுறை வேலையாக அந்தப் பண்ணையில் நாய்க்கூடு கழுவிக்கொண்டிருந்தேன். குழாயை மூட மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். சப்பாத்துக்குள் தண்ணீர் ஏறியதுகூடத் தெரியவில்லை. பட்டம் வாங்கிய கையோடு அங்கேயே நிரந்தரமாகச் சேர்ந்தேன். அம்மா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

நாய் உறைந்து நின்ற பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம். ஸ்கொட்லாந்து மேட்டு நிலத்தில் நாய்களைச் சோடியாக விடுவார்கள். கார்க் கண்ணாடி துடைக்கும் தடிபோல இடமும் வலமுமாக ஆளுக்கு முன்னால் ஓடும். பறவையைக் கண்டு நின்றால், ஆள் போய் அதன் பக்கத்தில் நிற்பார். சைகை காட்டியதும் நாய்தான் உள்ளே போய்ப் பறவையைக் கிளப்பும். கிளம்பியதும் தரையோடு தரையாகப் படுக்கும். இங்கே ஒன்ராறியோவிலோ நாய் ஒரு மயிரிழைகூட அசையக் கூடாது. ஆள்தான் அதைத் தாண்டிப் போய்ப் புல்லை உதைத்துப் பறவையைக் கிளப்ப வேண்டும். போட்டிகளில் பறவையைச் சுடுவதில்லை; அது பறந்து, ஆள் வெற்று வேட்டு வைத்த பிறகும், நாய் வாலைக் கொடிக்கம்பம்போல் தூக்கி நின்றபடியே நிற்க வேண்டும். இத்தாலிக்காரர் நாய் எப்படிப் பாய்ந்தோடுகிறது என்ற அழகுக்கு உயிரை விடுவார்கள். ஜெர்மன்காரர், அது எல்லாம் சரி, காயப்பட்ட மானின் இரத்தத் தடத்தைப் பிடித்துப் போகுமா என்று கேட்பார்கள். எல்லா இடத்திலும் அதே மூக்குத்தான். நாங்கள் அதனிடம் கேட்பதுதான் வேறு.

பண்ணை ரொறன்ரோவுக்கு வடகிழக்கே, கார் ஓட்டம் ஒரு மணித்தியாலம். நடத்தியவர் மார்ஜி. அறுபதைத் தாண்டியவர். அவரைப்பற்றி ஒன்றுதான் முதலில் தெரிந்திருக்க வேண்டும்: கோபம் ஏற ஏற அவருடைய குரல் இறங்கும். சாதாரணமாகக் கதைத்தால் எல்லாம் நலம். மெல்லக் கதைத்தால் கவனம். உச்சக் கோபத்தில் ஒன்றும் கேட்காது. ஏச்சு வாங்குவதற்காகவே கிட்டப் போய்க் காதைக் கொடுக்க வேண்டும். புதிதாக வருபவர்களை நாயாக்கி, இடுப்பில் கயிறு கட்டி வயல் முழுக்க ஓடவிடுவார். கயிறு வெடுக்கென்று இழுபட்டால் எப்படி இருக்கும் என்று நாய்க்கு முன் எங்களுக்குத் தெரிய வேண்டுமாம். நான் நன்றாக ஓடினேன். "நல்ல நாய்" என்று அவர் சொன்னதுதான் அந்த வருடம் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

மார்ஜியின் பழக்கும் முறை முழுவதும் கையில் இருந்தது. நாய் பறவையைக் கண்டு நின்றதும் பக்கத்தில் போய் முழந்தாளிடுவோம். தோளில் கை வைத்து, முதுகு வழியே வால்வரை மெல்லத் தடவுவோம். வாலை நுனியில் பிடித்து நிமிர்த்துவோம். பிறகு பின்தொடையில் விரல்களை வைத்துச் சற்றே முன்னுக்குத் தள்ளுவோம். தள்ளினால் போய்விடும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. சின்னக் குட்டியில் இருந்து இப்படிப் பழகிய நாய் அந்தத் தள்ளலுக்கு எதிராகச் சாய்ந்து இன்னும் இறுக்கமாக நிற்கும். கை பட்டால் 'நல்லாய் நிற்கிறாய், நில்' என்று அர்த்தம். பண்ணையில் இருந்த எல்லா நாய்க்கும் இது தெரியும். கைக்கு வேறு அர்த்தம் இருக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

அப்போதுதான் ஐலா வந்தாள்.

கொண்டுவந்தவர் குகன் அண்ணை. ஸ்காபரோவில் பஸ் ஓட்டுகிறவர், வேட்டையும் தெரியாது நாயும் தெரியாது. அவருடைய தமையன் வாமன் ஸ்கொட்லாந்தில் ஒரு சின்ன ஊரில் கடை வைத்திருந்தவர். ஊருக்குப் பின்னால் உள்ள மேட்டு நிலத்தில் வேட்டைக்காரரோடு நடந்து நடந்து, இந்த வெள்ளையும் கறுப்புப் புள்ளியுமான செற்றரை வாங்கித் தானே பழக்கியிருந்தார். பிறகு பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நாயைத் தம்பிக்கு அனுப்பினார். ஒரே ஒரு வேண்டுகோளோடு.

"வீட்டுநாயாக்கிப் போடாதையடா எண்டவர்," என்றார் குகன் அண்ணை. "அவள் ஓடோணுமாம். நான் அப்பாட்மென்ற்ல இருக்கிறன் பிள்ளை. அதுக்குள்ள எங்க ஓட விடுறது? லிப்ட்டுக்குள்ளயே?"

கட்டிடத்தில் பெரிய நாய்க்கு நிரந்தர அனுமதியும் இல்லை. வார இறுதியில் மட்டும், மேற்பார்வையாளர் கண்ணை மூடிக்கொண்டார். மார்ஜி நாயைப் பார்த்தார், ஓடவிட்டுப் பார்த்தார், முகம் மலர்ந்தது. போட்டிக்குப் பழக்குவதானால் கூடு தருகிறேன் என்று ஒத்துக்கொண்டார். எனக்கு அவளைத் தந்தார்.

முதல் நாளே ஐலா காடையைக் கண்டு நின்றாள். நின்ற அழகை இப்போது நினைத்தாலும் மயிர் கூச்செறிகிறது. நான் பக்கத்தில் போய் முழந்தாளிட்டுத் தோளில் கை வைத்தேன். அவள் உடனே முன்னே போனாள். காடை கிளம்பியது. அவள் தொப்பென்று படுத்தாள்.

இரண்டு பெரிய குற்றங்கள். ஒன்று, நிலை குலைந்தது. இரண்டு, பயந்து படுத்தது. அப்படித்தான் எழுதாத சட்டப்படி நாங்கள் எல்லோரும் பார்த்தோம். நீளக் கயிறு போட்டோம். நிற்பாள், தொடுவேன், போவாள், கயிறு இழுபடும். திரும்பி என்னைப் பார்ப்பாள். மறுபடி. மறுபடி. மார்ஜியும் செய்து பார்த்தார். அதே கதை. கோடை முடிகிற நேரத்தில் அதைவிடப் பெரிய கேடு வந்தது: ஐலா மணம் பிடித்தும் பிடிக்காதவள்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் போகத் தொடங்கினாள். இந்தத் தொழிலில் அதற்குமேல் கெட்ட செய்தி கிடையாது. பறவையைக் கண்டால் துன்பம் வரும் என்று நாய் முடிவெடுத்துவிட்டது என்று பொருள்.

மார்ஜி மெல்லிய குரலில் கூப்பிட்டார். கிட்டப் போனேன். கூட்டுக்குக் காத்திருக்கிற நாய்கள் இருக்கின்றன, இலையுதிர்காலப் போட்டியில் ஐலா ஏதாவது ஒரு இடம் எடுத்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் அவளை உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்றார். குகன் அண்ணையால் வைத்திருக்க முடியாது; ஆகவே உரியவரிடம் கொடுப்பதென்றால், விமானத்தில் போகிற தூரத்தில் கல்கரியில் யாரோ ஒரு குடும்பத்துக்குக் கொடுப்பது. குகன் அண்ணை ஏற்கனவே விசாரித்து வைத்திருந்தார். தமையனுக்குச் சொல்லவில்லை.

அந்தச் செய்தியோடு ஒரு சனிக்கிழமை, ஐலா வீட்டில் நிற்கிற நேரம், வோபர்னில் குகன் அண்ணையிடம் போனேன்.

"வா பிள்ளை, இரு. தேத்தண்ணி போடட்டே?"

"வேண்டாம் அண்ணை. ஒரு விசயம் கதைக்கோணும்."

"முகத்தைப் பாத்தாலே தெரியுது. பெயிலோ?"

"இன்னும் இல்லை."

"என்ர மகன்ர ரீச்சரும் உப்பிடித்தான் சொன்னவ, இன்னும் இல்லை எண்டு. பிறகு பெயில்."

கதைத்தபடியே அவர் குசினிக்குள் போனார். அவித்த மீனும் சோறும் குழைத்து, ஐலாவின் கிண்ணத்தைத் தரையில் வைத்தார். ஐலா வந்தாள். கிண்ணத்துக்கு முன்னால் உறைந்தாள். கால் தூக்கி, மூக்கு நீட்டி, வயலில் நிற்பதுபோலவே. எச்சில் ஒழுகுகிறது, ஆனால் அசைவில்லை. குகன் அண்ணை கையைக் கழுவி, துடைத்து, ஆறுதலாக வந்து அவளுடைய தோளுக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு விரலால் தொட்டார். அவள் போய்ச் சாப்பிட்டாள்.

"அண்ணை, இப்ப என்ன செய்தனீங்கள்?"

"சாப்பாடு வச்சனான்."

"அதுக்குப் பிறகு?"

"தொட்டனான். தொடாட்டித் தின்னாள் பிள்ளை. வந்த முதல் நாள் தெரியாமல் பட்டினி போட்டிட்டன். பிறகு அண்ணன்தான் போன்ல சொன்னவர். ஏன், பிழையே?"

"உங்கட அண்ணனோட இப்பவே கதைக்கோணும்," என்றேன். அந்த நேரத்திலேயே ஸ்கொட்லாந்துக்கு வீடியோவில் எடுத்தோம். வாமன் அண்ணையின் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, ஆனால் சொல் ஒவ்வொன்றும் விளங்கியது.

"ஓம், தொட்டாப் போகோணும். வாயால சொன்னாப் பறவைக்குக் கேட்டிடுமெல்லே? அதான் தொடுறது. அங்க நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?"

"நாங்கள் நிக்கச் சொல்லித் தொடுறனாங்கள் அண்ணை."

"அவள் போனா என்ன செய்யிறனீங்கள்?"

என் கண் ஐலாவின் கழுத்துக்குப் போனது.

"கயித்தில இழுத்தனீங்களோ," என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் திரையில் அவருடைய வீட்டுச் சுவர்தான் தெரிந்தது. பிறகு முகம் திரும்பி வந்தது. "பறவை கிளம்பினாப் படுக்கிறவளோ?"

"ஓம். பயத்தில எண்டு நினைச்சம்."

"அவளுக்கென்ன பயம்! துவக்குச் சூட்டுக்குக் குறுக்க நிக்கக்கூடாது எண்டு நான்தான் பழக்கினது. ரெண்டு குளிர்காலம் எடுத்தது பிள்ளை. அவளில பிழை இல்லை. உங்களிலயும் இல்லை. போனை அவளுக்குக் கிட்டப் பிடி" என்றார்.

திங்கட்கிழமை மார்ஜியிடம் சொன்னேன். நான் வேகமாகக் கதைப்பவள், இரண்டு நாடுகளின் விதிகளையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் எழுந்து ஐலாவின் கூட்டுக்குப் போனார். கதவைத் திறந்து, ஈரச் சீமெந்தில் சப்பணம் கட்டி இருந்தார். இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் செருகிக்கொண்டார். ஐலா எட்ட நின்று பார்த்தாள். நெடுநேரம் கழித்து வந்து அவருடைய தொப்பியை மணந்தாள். மார்ஜி கையை எடுக்கவில்லை.

"நாம் கேட்டதை அவள் செய்தாள். செய்ததற்காக இழுத்தோம்," என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

ஆனால் போட்டி விதியை யாரும் ஒரு நாய்க்காக மாற்ற மாட்டார்கள். கூட்டுக்குக் காத்திருந்த நாய்களும் காத்திருந்தன. என்ன செய்யலாம் என்று யோசித்தோம். தொடாமல், தோளருகே போகாமல், அவள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அகலமாக வளைந்து முன்னால் போய்ப் பறவையைக் கிளப்பினால் நிற்பாளா? நின்றாள். முதலில் தயக்கத்தோடு, பிறகு முழு மனதோடு. மணத்தை விட்டு விலகுவதும் நின்றது. படுப்பதைத் திருத்தவும் ஒரு வழி உண்டு, வயிற்றுக்குக் கீழே கயிற்றைச் சுற்றித் தூக்கிப் பிடிப்பது. ஒரு தடவை செய்து பார்த்தேன். ஐலா திரும்பி, கோடையில் பார்த்த அதே பார்வையைப் பார்த்தாள். கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

"படுத்தால் இடம் கிடைப்பது கடினம், அபி," என்றார் மார்ஜி.

"தெரியும்."

"தெரிந்தால் சரி."

போட்டி நாள் குளிராகவும் வெளிச்சமாகவும் இருந்தது. காய்ந்த மஞ்சள்பூச் செடிகள் இடுப்பளவு. நடுவர்கள் இருவர் குதிரையில், நாங்கள் நடையில். குகன் அண்ணை வேலை முடிந்து பஸ் சாரதி உடுப்போடே வந்திருந்தார். கையில் போன், போனுக்குள் வாமன் அண்ணை.

"அண்ணை, சத்தம் போடக்கூடாது, சொல்லிப்போட்டன்."

"நான் போடேல்லை, இவர்தான் அங்கயிருந்து கத்துறார். கொஞ்சம் இருங்கோ அண்ணை, சத்தத்தைக் குறைக்கிறன்."

ஐலாவை இன்னொருவரின் பொயின்டரோடு விட்டார்கள். நாய்கள் இரண்டும் எதிரெதிர்ப் பக்கமாகப் பாய்ந்தோடின. ஒரு முள்மர வரிசைக்கு இப்பால் ஐலா நின்றாள். நான் கையை உயர்த்தினேன். நடுவர் குதிரையைக் கிட்டக் கொண்டுவந்தார். அகலமாக வளைந்து முன்னால் போனேன், புல்லை உதைத்தேன். ஒன்றுமில்லை. இன்னும் முன்னால். ஒன்றுமில்லை. பறவை பறக்காமல் புல்லுக்குள் நடந்து போய்விட்டிருந்தது. பறவையைக் காட்டாவிட்டால் நாய் வெறும் இடத்தைக் காட்டியதாகத்தான் கணக்கு.

இதற்கு இங்கே ஒரு விதி உண்டு. நடுவரைக் கேட்டு, நாயிடம் திரும்பிப் போய், அதைத் தட்டி அனுப்பலாம். நகர்ந்த பறவையை நாய் மறுபடி தேடி நிற்க வேண்டும். பல நாய்கள் இந்த இடத்தில் குழம்பும். 'அசையாதே' என்றே வளர்த்துவிட்டு, திடீரென்று போ என்றால்?

நடுவரைக் கேட்டேன். தலையசைத்தார். ஐலாவிடம் போனேன். தோளுக்குப் பக்கத்தில் நின்றேன். கோடை முழுக்க நான் செய்த அதே காரியம், ஆனால் இந்த முறை அவளுடைய பொருளில். இரண்டு விரலால் தொட்டேன்.

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். இதற்குப் பிறகு கயிறு வருமா என்று பார்த்தாள் என்றே நான் இன்றைக்கும் நம்புகிறேன். பிறகு போனாள். தாழ்வாக, தண்ணீர் ஊர்வதுபோல, முள்மர வரிசையைச் சுற்றி, அவசரமே இல்லாமல். அப்பால் போய் நின்றாள். நான் கை இரண்டையும் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு அவளைச் சுற்றி முன்னால் போனேன். பின்னால் அவள் நிற்கிறாளா வருகிறாளா என்று திரும்பிப் பார்க்கக் கூடாது. புல் சரசரக்கிறதா என்றுதான் காது கேட்டது. சரசரக்கவில்லை. காடை என் சப்பாத்தடியில் இருந்து கிளம்பியது. கைத்துப்பாக்கியை எடுத்து வானத்தை நோக்கி வெடித்தேன். திரும்பினேன்.

நின்ற இடத்தைவிட்டு ஒரு அங்குலம் முன்னுக்கு வரவில்லை. அந்த இடத்திலேயே படுத்திருந்தாள். முன்கால்களுக்கு நடுவே நாடி, கண் பறவை போன திசையில்.

"பயமா?" என்று நடுவர் கேட்டார்.

"இல்லை. அவளுடைய ஊரில் அப்படித்தான்."

அவர் குதிரையில் இருந்தபடி குனிந்து அவளைப் பார்த்தார். பிறகு, நகர்ந்த பறவையை இவ்வளவு அழகாகத் தேடிப் பிடித்த நாயை அண்மையில் பார்க்கவில்லை என்றும், ஆனாலும் நிற்கிற நாய்க்கு முன்னால் படுத்த நாயை வைக்கத் தன்னால் முடியாது என்றும் சொன்னார். நியாயமான மனிதர். இடம் எதுவும் கிடைக்கவில்லை.

கார்ப் பக்கம் வந்தேன். குகன் அண்ணை போனை நீட்டினார். "அண்ணன் கேக்கிறார், படுத்தவளோ எண்டு. தூரத்தில எனக்கு வடிவாத் தெரியேல்லை."

"படுத்தவள் அண்ணை," என்றேன் போனுக்குள். "நீங்கள் பழக்கினமாதிரியே."

வாமன் அண்ணை நல்ல பக்கத்துக் கையால் கண்ணைத் துடைத்தார். "மறக்கேல்லைப் பார்," என்றார். "நான் நடக்க மறந்திட்டன். அவள் மறக்கேல்லை."

போன் அணைந்ததும் குகன் அண்ணை என்னைப் பார்த்தார். "அப்ப இந்தமுறை பெயில்தான், என்ன பிள்ளை?"

"ஓம் அண்ணை."

கார் டிக்கியில் ஐலாவின் படுக்கை, கிண்ணம், சாப்பாட்டுப் பை எல்லாம் ஏற்கனவே இருந்தன. வரும் வழியிலேயே பண்ணையில் இருந்து ஏற்றியிருக்கிறார். அவர் ஐலாவுக்குக் கழுத்துப்பட்டி போடும்போது மார்ஜி வந்து எங்கள் இருவருக்கும் ஏதோ சொன்னார். கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. இரண்டு பேரும் கிட்டப் போய்க் காதைக் கொடுத்தோம்.

"எங்கே கொண்டுபோகிறாய் இவளை?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்கள்தானே சொன்னீர்கள், இடம் எடுக்காவிட்டால்..." என்று நான் தொடங்கினேன்.

"என் கையைப்பற்றி எனக்கு முதல் தடவையாகச் சொல்லித் தந்த நாய் இவள். இனிமேல் பண்ணைக்கு வருகிற ஒவ்வொருத்தரும், கயிற்றைத் தொட முதல், ஒரு நாள் இவளோடு நிற்க வேண்டும். கை சட்டைப்பைக்குள் இருக்க வேண்டும். அதற்கு எனக்கு இவள் வேண்டும். போட்டிக்கு அல்ல."

நான் அதைத் தமிழில் குகன் அண்ணைக்குச் சொன்னேன். அவர் பட்டியைப் பிடித்தபடி நின்றார். பிறகு பட்டியை விட்டு, டிக்கியில் இருந்து கிண்ணத்தையும் சாப்பாட்டுப் பையையும் எடுத்து மார்ஜியிடம் நீட்டினார்.

மார்ஜி கிண்ணத்தைப் புல்லில் வைத்துச் சாப்பாட்டைக் கொட்டினார். ஐலா வந்து உறைந்தாள். மூன்று பேரும் சட்டைப்பைக்குள் கையோடு நின்றோம். ஓட்டம் முடிந்த பொயின்டர்கள் வண்டிகளில் குரைத்துக்கொண்டிருந்தன. மார்ஜி என்னை ஒருமுறை பார்த்தார், சரியா என்று கேட்பதுபோல. தலையசைத்தேன். அவர் ஐலாவின் தோளருகே போய் நின்று, ஒரு கையை வெளியே எடுத்து, இரண்டு விரலால் தொட்டார்.

ஐலா போய்ச் சாப்பிட்டாள்.